அழகையாவின் பாதி முகம்

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிடுகிறேன். ஊசிக்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் அம்மை வந்துவிட்டது என்று எல்லோரும் நடுங்கிக் கிடந்தபோது, "இது அம்மை இல்லை, மயிர்க்காலில் சீழ் பிடித்த புண்" என்று கண்டுபிடித்துச் சொன்னவர் மருந்துக்காரர் சண்முகராஜா என்று பதுளைக் கடைத்தெருவில் இன்றைக்கும் நாலு பேர் சொல்லித் திரிகிறார்கள். அந்தச் சண்முகராஜா நான்தான். நான் ஒரு மண்ணையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவன் அந்தத் தோட்டத்துச் சவரக்காரன் அழகையா. பதினாலு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ஐயா அடக்கமாப் பேசுறாரு" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். அப்பாவுக்குப் பதுளையில் துணிக்கடை. அண்ணன் கடையில் உட்கார்ந்தான். எனக்குத் துணியை நேராகக் கிழிக்கக்கூட வராது என்று கண்டு, மருந்து கலக்கும் வேலை படிக்க அனுப்பிவிட்டார்கள். படித்து முடித்து ஊசிக்கந்தைக்குப் போனேன். தெமோதரைக்கு மேலே, வண்டிப் பாதை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஏற வேண்டும். இப்போது பதுளை வரைக்கும் ரயில் வருகிறது; அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். காய்ச்சலுக்குக் கொய்னா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், புண்ணுக்கு ஒரு களிம்பு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டிருந்ததற்காகத் தோட்டத்து ஜனங்கள் என்னை டாக்டரய்யா என்றார்கள். நானும் திருத்தவில்லை.

அழகையா மதுரைப் பக்கத்து ஆள். பெரிய கங்காணி கந்தப்பன் ஊரிலிருந்து இலங்கை மலைக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்தபோது, கூட்டத்துக்கு ஒரு சவரக்காரன் வேண்டும் என்று பத்தொன்பது வயதில் இவனையும் கூட்டி வந்தார். வந்த மறுநாள் கணக்கப்பிள்ளை விவரம் தெரியாமல் இவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார். நாலாம் நாள் கங்காணியே வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். அவருக்கு நாலு நாள் தாடி வளர்ந்துவிட்டிருந்தது.

பெயர்தான் அழகையா. ஆள் ஒல்லி, நீளக் கழுத்து, ஒரு காது மற்றதைவிடப் பெரிது. வாய் மட்டும் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தடியில் கத்தி, கத்தரிக்கோல் வைத்த அடைப்பத்தை விரித்து உட்கார்ந்தானென்றால், வெயில் சாய்வதற்குள் ஐம்பது மூஞ்சி பார்த்துவிடுவான். அவனுக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது, முடிதான் நிற்கும். "ரெட்டைச் சுழிக்காரரு வரலீங்களா?" "அந்தக் கோரமுடி அண்ணனுக்குக் காய்ச்சலாமே?" இப்படித்தான் பேச்சு. எவன் தாடி மேலிருந்து கீழே வளர்கிறது, எவனுக்குக் கழுத்தில் வட்டம் போட்டுச் சுருள்கிறது என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். கத்தியை வைக்கும் முன் பெருவிரலால் கன்னத்தை ஒரு தடவு தடவுவான். பிறகு ஓடைத் தண்ணீரை அள்ளுவான். ஊவா மலையின் விடியற்காலைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அதில் முகம் கழுவியவனுக்குத்தான் தெரியும். "தண்ணி சில்லுனு இருக்கும், பொறுத்துக்குங்க" என்பான். அதற்குள் தண்ணீர் முகத்தில் இருக்கும்.

அவன் பெண்சாதி நல்லம்மா தோட்டத்தின் மருத்துவச்சி. தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் கையில் விழுந்தவை. கங்காணியின் ஒரே மகன் இராசையாவும் அப்படிப் பிறந்தவன்தான். அவனுக்கு முதல் மொட்டை போட்டவன் அழகையா. "கங்காணி மகனுக்கு மொத மொட்ட போட்ட கையி இது" என்று வலது கையைத் தூக்கிக் காட்டுவான். அந்தக் கைக்கு வந்தது பார் ஒரு சோதனை.

சோதனை ஒரு பிரஷ்ஷாக வந்தது. தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் தொரை சீமைக்குக் கிளம்பியபோது, பங்களாவில் சமையல் செய்த அப்பு, தொரையின் நாய்க்கு முடி கத்தரித்துவிட அழகையாவைக் கூப்பிட்டார். வேலை தொடங்கும் முன்பே கூலியாகத் தொரையின் பழைய சவர பிரஷ்ஷைக் கொடுத்தார். எலும்புப் பிடி, அடர்ந்த மயிர். கூடவே பாதி கரைந்த வாசனைச் சவுக்காரம் ஒன்று. அழகையா அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை. அதுவரை தோட்டத்தில் சவரம் என்றால் தண்ணீரும் கத்தியும்தான். இனி நுரை!

ஆனால் ஐம்பது பேருக்கும் நுரை போட்டால் சவுக்காரம் எத்தனை நாள் வரும்? அதனால் பிரஷ் பெரிய மனுஷர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டான். கந்தப்பன் கங்காணி, மகன் இராசையா, கணக்கப்பிள்ளை, கோயில் கணக்குப் பார்த்தவர், சில்லறைக் கங்காணிகள் மூன்று பேர், அப்புறம் டாக்டரய்யாவாகிய நான். மற்றவர்களுக்குப் பழையபடி ஓடைத் தண்ணீர். கீழ் லயத்து மாடசாமி, "எனக்கும் ஒரு இழுப்பு நுரை போடுறா, ஆசையா இருக்கு" என்று கெஞ்சிப் பார்த்தான். நடக்கவில்லை.

பிரஷ்ஷின் மயிர் காய்ந்தால் உடைந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அழகையா அதைக் காயவே விடவில்லை. ஒரு மூஞ்சியிலிருந்து அடுத்த மூஞ்சிக்கு அப்படியே போகும். வேலை முடிந்ததும் ஈரத்தோடு வாழையிலையில் சுற்றி, தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்து, அடுத்த ஞாயிறு வரைக்கும் மூடி வைப்பான். முகம் துடைக்கவும் அதே மாதிரி ஒரே துண்டு, அவன் தோளில் கிடந்தது. இதையெல்லாம் நான் என் கண்ணால் பார்த்தேன். மருந்துப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவன், வாசனை நன்றாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினேன்.

அந்த வருஷம் ஆனி மாதம் இராசையாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியின் மகள் பாக்கியலெட்சுமி. ஆனியின் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி. ஆடி பிறந்ததும் பெண்ணின் அப்பா குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறுவதாக இருந்தார். கல்யாணம் நடந்தால் பெண் இங்கே. நடக்காவிட்டால் அவளும் கப்பலில், அங்கே ஒரு மாமன் மகன் தயாராக இருந்தான். இராசையாவும் அந்தப் பெண்ணும் மூன்று தேர்த் திருவிழாக்களாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், கங்காணிக்கு மட்டும் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நுரைச் சவரம் நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை கங்காணியின் தாடையெல்லாம் கொப்புளம். இராசையாவுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் முத்து முத்தாக, உச்சியில் மஞ்சளாகச் சீழ். கங்காணியின் சம்சாரம் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா வந்துட்டா!" வாசலில் வேப்பிலை ஏறியது. அரைத்த மஞ்சளையும் வேப்பிலையையும் இருவர் முகத்திலும் அப்பினாள், மூச்சு விடத் துவாரம் மட்டும் விட்டு. சாயங்காலத்துக்குள் கணக்கப்பிள்ளை, கோயில்காரர், சில்லறைக் கங்காணிகள் மூன்று பேர், எல்லார் வீட்டிலும் வேப்பிலை.

என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். போய் என்ன செய்தேன்? வாசற்படியில் நின்றே எட்டிப் பார்த்தேன். போன வருஷம் வேறொரு தோட்டத்தில் பெரியம்மையை மறைத்தான் என்று ஒரு மருந்துக்காரனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது என் மனசில் உட்கார்ந்திருந்தது. "அம்மை மாதிரித்தான் இருக்கு" என்றேன். புதிய தொரைக்கு எழுதியும் கொடுத்தேன். இருபத்தைந்து வயதுத் தொரை. கடிதத்தைப் படித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஏழு பேரையும் ஆற்றுக்கு மேலே இருந்த அம்மைக் கொட்டகையில் பதினாலு நாள் அடைக்கச் சொன்னார். தோட்டத்துக்குள் யாரும் வரக்கூடாது, வெளியே யாரும் போகக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் என் தாடையிலும் ஏழு கொப்புளம். கண்ணாடியில் எண்ணினேன். உடனே கழுத்தில் மப்ளரைச் சுற்றி மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம் சளி என்றேன். ஏழு பேரைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு எட்டாவது ஆள் மப்ளருக்குள் ஒளிந்திருந்தான். எழுதும்போதே கூசுகிறது.

கொட்டகையில் கங்காணிக்கு யோகம் அடித்தது. ஆத்தா தேடி வந்த மனுஷர் அல்லவா! கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் ஆற்றுக்கு இக்கரையிலேயே நின்று அவரைக் கும்பிட்டார்கள். இளநீர் வந்தது, பானகம் வந்தது. மஞ்சள் பூசிய முகத்தோடு பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இந்த வருசம் மழ நல்லாப் பெய்யும், போங்க" என்று வாக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இராசையா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண் வீட்டிலிருந்து ஆள் வந்து தோட்டத்து எல்லையில் நின்றே சொல்லிவிட்டுப் போயிருந்தான்: "ஆத்தா எறங்குன வீட்டுல தாலி ஏறாதுங்க. நாங்க கப்பலுக்குச் சாமான் கட்டுறோம்."

வியாழக்கிழமை மத்தியானம் என் மருந்துக் காம்பராவின் வாசலில் அழகையா வந்து நின்றான். எப்போதும் வாசலோடு நிற்பவன். அன்றைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன அழகையா?"

"டாக்டரய்யா, அது ஆத்தா இல்லீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கீழ் லயத்து மாடசாமி நேத்து ஒரு வார்த்த சொன்னானுங்க. 'பிரஷ்ஷும் நமக்கு இல்ல, ஆத்தாவும் நமக்கு இல்ல, எல்லாம் பெரிய மனுசங்களுக்குத்தான்'னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலீங்க. நொர போட்டது எட்டுப் பேருக்கு. கொட்டகையில ஏழு பேரு."

எனக்கு மப்ளர் திடீரென்று புழுங்கியது.

"இன்னைக்குக் காலையில கொட்டகைக்குக் கஞ்சி கொண்டுபோனேனுங்க. இராசையாத் தம்பியோட கன்னத்துல மஞ்சளத் தொடச்சிட்டு உத்துப் பாத்தேன். ஒவ்வொரு கொப்புளத்துக்கும் நடுவுல ஒரு மயிரு நிக்குதுங்க. ஆத்தா நெத்தியில வருவா, நெஞ்சில வருவா, உள்ளங்கையிலகூட வருவா. மயிர்க்காலாப் பாத்து எண்ணி எண்ணி வருவாளாங்க? தாடி மொளைக்காத எடத்துல ஒண்ணு இல்ல. காய்ச்சலும் இல்ல. கங்காணி ஐயா மூணு வேளையும் நல்லாச் சாப்புடுறாரு."

மடியிலிருந்து சிரட்டையை எடுத்தான். வாழையிலையைப் பிரித்தான். தொரையின் வாசனை எல்லாம் போய், நனைந்த நாய் வாடை வந்தது. "இதுதாங்க வந்த ஆத்தா" என்றான்.

நான் அலமாரியிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பாவிப் பயல் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. தாடி மயிரின் வேரில் அழுக்குப் புகுந்து சீழ் பிடிப்பது, சவரத்தால் வருவது, ஒருவர் துணியிலிருந்தும் பிரஷ்ஷிலிருந்தும் மற்றவருக்குப் போவது. வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம், சவுக்காரம் போட்டுக் கழுவுதல், ஆறும் வரை கத்தி படாமல் இருத்தல். கிள்ளக்கூடாது, பிதுக்கக்கூடாது, கண்டதையும் அப்பி மூடக்கூடாது. கங்காணியின் சம்சாரம் அப்பிய மஞ்சள் என் கண் முன்னே வந்து நின்றது.

"சரிடா. ஆனால் தொரைக்கு நான் அம்மை என்று எழுதிக் கொடுத்தாயிற்றே. எதைக் காட்டி மாற்றிச் சொல்வது?"

அவன் பிரஷ்ஷை மேசையில் வைத்தான். "நான் சொன்னா கங்காணி ஐயா என்னைய லயத்துலேருந்து தொரத்திருவாருங்க. நல்லம்மாவுக்கும் புள்ளைங்களுக்கும் போக எடம் இல்ல. சொல்லலைன்னா அந்தத் தம்பியோட கல்யாணம் போச்சு. நேத்துலேருந்து யோசிச்சேன். மொத மொட்ட போட்ட கையாலேயே அவன் வாழ்க்கையில மண்ணப் போட முடியாதுங்க." பிறகு மடியிலிருந்து கத்தியை எடுத்தான். "கொஞ்சம் வெந்நி வச்சுக் குடுங்க ஐயா."

வைத்துக் கொடுத்தேன். கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, வெந்நீரையே தொட்டு, இடது கன்னத்தை மட்டும் மழித்தான். பிறகு கத்தியைத் தன் துண்டிலேயே துடைத்தான். அந்த நாற்றம் பிடித்த பிரஷ்ஷை எடுத்தான். வலது கன்னம் முழுக்க நுரையைத் தேய்த்து, மயிர் வளரும் வாக்குக்கு எதிர்வாக்கில் அழுத்தி அழுத்தி மழித்தான்.

"பைத்தியமாடா உனக்கு?" என்று கத்தினேன்.

"மூணு நாள் பொறுங்க" என்றான். போகிற போக்கில், "உங்க சளியும் அதுக்குள்ள கொறஞ்சிரும். வெந்நி ஒத்தடம் குடுங்க, கிள்ளாதீங்க" என்றான். மப்ளரைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை தொரை கொட்டகையைப் பார்வையிட வந்தார். மூக்கில் கைக்குட்டை. நான் மப்ளர். ஆற்றுக்கு இக்கரையில் பெரட்டு முடிந்த கூட்டம். கங்காணி அப்போதுதான் இக்கரைப் பெண்கள் பக்கமாகத் திருநீறு தூவிக்கொண்டிருந்தார். அழகையா முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்து நடுவில் நின்றான். துண்டை எடுத்தான்.

கூட்டம் ஐயோ என்றது. வலது கன்னம் முழுக்கக் கொப்புளம். இடது கன்னம் பச்சைப் பிள்ளையின் கன்னம் மாதிரி இருந்தது. மூக்குக்கு நேரே கோடு போட்ட மாதிரி, இந்தப் பக்கம் ஒன்றுகூடத் தாண்டவில்லை.

"சாமிகளா, நல்லாப் பாத்துக்குங்க" என்றான் அழகையா. "இந்தப் பக்கம் வெந்நியில கழுவுன கத்தி. இந்தப் பக்கம் என் பிரஷ்ஷு. ஆத்தா வந்தா முழு மூஞ்சிக்கும் வருவா. பாதி மூஞ்சிக்கு வந்துட்டுத் திரும்பிப் போவாளா? குத்தம் ஆத்தாவோடது இல்ல. என்னோடது."

கங்காணி பலகையிலிருந்து எழுந்தார். திருநீற்றுத் தட்டு கையிலேயே இருந்தது. "அப்ப எனக்கு வந்தது?"

"அதுவும் பிரஷ்ஷு தாங்க."

"டேய், அது தொரை மூஞ்சிக்குப் போட்ட பிரஷ்ஷுடா!"

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை. "தொரை மூஞ்சிக்கும் போட்டதுதாங்க. நாய்க்கு முடி வெட்டுனப்ப நாய்க்கும் போட்டேனுங்க."

இக்கரையில் மாடசாமி சிரித்த சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கங்காணியின் முகம் மஞ்சளுக்குள்ளேயே சிவந்தது. ஐந்து நாளாக வாக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர்! தட்டைக் கீழே வீசினார். "இன்னைக்கே லயத்தக் காலி பண்ணுடா! பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டு மலைய விட்டு எறங்கு! இனி உன் கை என் மூஞ்சியில பட்டுச்சுன்னா நான் கந்தப்பன் இல்ல!"

தொரைக்கு யாரோ விளக்கிச் சொன்னார்கள். அவரும் சவரக்காரனை அனுப்பிவிடலாம் என்பதுபோல் தலையசைத்தார். கூட்டத்தின் ஓரத்தில் நல்லம்மா கைக்குழந்தையோடு நின்றாள். அழகையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. "எட்டாவது ஆள் இதோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பிழைப்பு போயிருக்கும். சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

மப்ளரை அவிழ்த்தேன்.

"எனக்கும் வந்ததுதான்" என்றேன். "மறைத்தேன். கிட்டே போய்ப் பார்க்காமலே அம்மை என்று எழுதிக் கொடுத்தேன். தன் மூஞ்சியைக் கெடுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னவன் இவன். யாரை அனுப்ப வேண்டும் என்று தொரையே சொல்லட்டும்."

தொரை என் தாடையைப் பார்த்தார், அழகையாவின் பாதி முகத்தைப் பார்த்தார், கங்காணியின் மஞ்சள் முகத்தைப் பார்த்தார். கைக்குட்டைக்குள் ஏதோ சத்தம் வந்தது. தும்மல் என்று நினைத்தேன், சிரிக்கிறார். பிறகு தமக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பேரும் இரு. எல்லா ஆளும் மூஞ்சி கழுவு." பிரஷ்ஷைத் தாமே தடியால் தள்ளி நெருப்பில் போட்டார்.

அன்றைக்கே கொட்டகை திறந்தது. ஆளுக்கொரு துணி, ஒருவர் துணியை மற்றவர் தொடக்கூடாது. தினம் நாலு வேளை வெந்நீர் ஒத்தடம். பொறுக்க முடிந்த சூடு போதும், தோலை வேக வைக்க வேண்டாம் என்று அழகையா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மஞ்சள் அப்பலுக்குத் தடை. நகத்தால் தொட்டவனை நல்லம்மா கையிலேயே அடித்தாள், கணக்கப்பிள்ளை என்றும் பார்க்கவில்லை. கங்காணி மட்டும் அழகையா போட்ட வெந்நீர் வேண்டாம் என்று சொல்லித் தன் சம்சாரத்தைத் தனியாக வைத்துத் தரச் சொன்னார். மூன்று நாளில் கொப்புளங்கள் வற்றத் தொடங்கின. பெண் வீட்டுக்கு ஆள் போயிற்று: ஆத்தா இல்லை, வெறும் நுரை. கட்டிய சாமானை அவிழ்த்தார்கள்.

கல்யாணத்தன்று புதுச் சிக்கல். மாப்பிள்ளைச் சவரம் செய்யாமல் மணவறையில் உட்கார முடியுமா? கத்தி வைத்தால் ஆறின புண் மறுபடி கிளம்பும். மழிக்காவிட்டால் துக்க வீட்டு ஆள் மாதிரி இருக்கும். கங்காணியின் சம்சாரம் அழுதே விட்டாள். அழகையா வெந்நீரோடு வந்தான். சபைக்கு முன்னால் வேண்டிய சடங்கையெல்லாம் செய்து, கத்தியின் முதுகால் மாப்பிள்ளையின் முகம் முழுக்கச் சவரம் செய்தான். ஒரு மயிர் விழவில்லை. பிறகு காய்ச்சித் துடைத்த கத்தரிக்கோலால் தாடியை மட்டமாக ஒழுங்கு செய்தான்.

பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு என்னங்க இது, தாடி?"

கந்தப்பன் கங்காணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் முகத்திலும் பன்னிரண்டு நாள் தாடி. "தொரைமாரு பாஷன்" என்றார். அடுத்த தைக்குள் ஊசிக்கந்தை இளவட்டங்கள் பாதிப் பேர் தாடியோடு திரிந்தார்கள்.

அழகையா மாறிவிட்டான். கொய்யா மரத்தடியில் அடுப்பு ஒன்று ஏறியது. ஒரு மூஞ்சி முடிந்தால் கத்தி கொதிதண்ணீருக்குள். சொந்தத் துண்டு கொண்டு வராதவனுக்குச் சவரம் கிடையாது. "ஏங்க, உங்க வீட்டுல சோறு ஒரே எலையிலயா சாப்புடுறீங்க?" என்று ஐம்பது பேருக்கும் கேட்கும்படி கேட்பான். மயிரின் வாக்கிலேயே கத்தி போகும், அவசரப்படுத்தினால் எழுந்து போகச் சொல்வான். பெரிய மனுஷன், சின்ன மனுஷன் எல்லாருக்கும் ஒரே வெந்நீர். மாடசாமி முதல் முறை சூட்டுத் தண்ணீர் கன்னத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "இது நொரைய விட நல்லா இருக்குடா" என்றான்.

ஒரே ஒருவருக்குத்தான் அந்த வெந்நீர் கிடைக்கவில்லை. கந்தப்பன் கங்காணி ஊர் அறியச் சத்தியம் செய்துவிட்டார். தோட்டத்தில் வேறு சவரக்காரன் கிடையாது. தானே மழித்துக்கொள்ள அவருக்கு வராது, ஒரு தடவை முயன்று காதை வெட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அதற்குப் பிறகு தாடி இடுப்பை நோக்கி இறங்க ஆரம்பித்தது. அறியாத ஜனம் கதிர்காமத்துக்கு வேண்டுதல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் தாடி மாட்டிக்கொண்டு ஒரு நாள் பெரிய ரகளை. இராசையா சொல்லிப் பார்த்தான், மருமகள் சொல்லிப் பார்த்தாள். "சொன்னது சொன்னதுதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொய்யா மரத்தைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நடந்து போவார். அழகையா எழுந்து நிற்பான். இவர் பார்க்காத மாதிரிப் போவார். அடுப்பில் இருந்து ஆவி வருவதை மட்டும் ஒரு கணம் பார்ப்பார். ஏழு வருஷம் இப்படியே.

1919இல் ஒரு காலை கங்காணி தூக்கத்திலேயே போய்விட்டார். நான் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது இராசையா அழகையாவின் லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். வேறு யாரைக் கூப்பிடுவான்? கடைசிச் சவரம் சவரக்காரனுடைய கடமை. ஆனால் அப்பாவின் சத்தியம் அவனுக்கும் தெரியும். "மாமா, வருவீங்களா?" என்றான். கங்காணி மகன் சவரக்காரனை மாமா என்று கூப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அழகையா வந்தான். புதுத் துண்டு ஒன்று கொண்டு வந்தான். அடுப்பு மூட்டி, கத்தியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு உட்கார்ந்தான். நேரமாகிறது என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. கணக்கப்பிள்ளை பொறுமை இழந்து, "செத்தவருக்கு எதுக்குய்யா கத்தியக் காச்சுற? இனி அவருக்குப் புண்ணா வரப்போகுது?" என்றார்.

அழகையா கத்தியை எடுத்துப் புதுத் துண்டில் துடைத்தான். சூட்டுச் சட்டியைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் சுற்றிப் பார்த்தான். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அவன் குனிந்து, தாடியை விலக்கி, பழைய வழக்கப்படி பெருவிரலால் அந்தக் கன்னத்தை ஒரு தடவு தடவினான். தண்ணீரை அள்ளினான். தன் வலது கன்னத்தில் ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்த்தான். அந்தப் பக்கம் இன்னும் இரண்டு மூன்று தழும்பு உண்டு.

"ஐயா, முன்ன மாதிரி சில்லுனு இருக்காது" என்றான் கங்காணியிடம். "சூடா இருக்கும். பொறுத்துக்குங்க."

சட்டியைப் பிடித்தபடியே நான் கங்காணியின் முகத்தை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சிந்துகிறது என்று அழகையா என்னைத் திட்டினான்.